சன்னல் கம்பிக்கு நடுவே ஒரு பழைய லென்ஸ்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் போய்விட்டது. நான் பத்தாவது வரை படித்தவன். சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். குடத்திலும் போணியிலும் பேர் வெட்டுவதுதான் நான் அதிகம் எழுதிய எழுத்து. அதுபோக, இது சாமியும் மிஷினும் கலந்த விஷயம். பக்தியுள்ளவர்களிடம் சொன்னால் நடக்காததையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கேமரா தெரிந்தவர்களிடம் சொன்னால் சாமியை ஒதுக்கிவிட்டு மீதியைக் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் யோசித்துச் சும்மா இருந்தேன். இப்போது அந்த யோசனை இல்லை. என் கண் முன்னால் நடந்ததை நான் எழுதாமல் யார் எழுதுவது?

என் தம்பி துபாயில் வேலை பார்க்கிறான். புதுக் கேமரா வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்துவிட்டான். நல்ல டிஜிட்டல் கேமரா. ஆனால் லென்ஸைக் கழற்றி வைத்துக்கொண்டான். "அது புதுசுக்கும் சேருதுண்ணே" என்றான். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மனைவி லென்ஸ் இல்லாமல் திறந்து கிடந்த அந்த வாயைப் பார்த்தாள்.

"கண்ணு இல்லாத கேமராவ வச்சு என்னத்த பாக்கப் போறீக?"

புது லென்ஸ் வாங்க நம்மால் ஆகாது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பிலிம் காலத்து லென்ஸ்களை இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்று வாங்கினேன். ஒரு பித்தளைக் குடத்தின் விலைதான் வந்தது. யாரும் கேள்விப்படாத கம்பெனி. மேலே 24 என்று எண் வெட்டியிருந்தது. அகலமாகக் காட்டும் லென்ஸ். முழுக்க உலோகமும் கண்ணாடியும். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் படிக்கல் மாதிரி கனக்கும். கேமராவுக்கும் அதற்கும் நடுவில் ஓர் இணைப்பு வளையம் போட்டால் பொருந்திக்கொண்டது. பொருந்தியும் கேமரா ஒத்துக்கொள்ளவில்லை. 'லென்ஸ் இல்லை' என்று திரையில் காட்டிப் படம் எடுக்க மறுத்தது. லென்ஸ் தெரியாவிட்டாலும் எடு என்று சொல்லும் இடத்தை உள்ளே தேடிக் கண்டுபிடித்து மாற்றியபின்தான் வழிக்கு வந்தது.

"கண்ணு முன்னால இருக்கத இல்லங்குதே, இத எப்படி நம்புதது?" என்றாள் மனைவி.

அவளுக்கு நம்பிக்கை வர ஒரே வழிதான். எங்கள் வீட்டில் எது புதுசாக வந்தாலும் கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து ஒரு கீற்று வைப்போம். மிக்ஸிக்கும் வைத்தோம், பைக்குக்கும் வைத்தோம். லென்ஸுக்கும் வைக்கத் தட்டோடு வந்தாள். "கண்ணாடியில வச்சிராத" என்றேன். "அந்த மட்டுக்குத் தெரியாதவளா நான்?" என்று, கண்ணாடியை விட்டுவிட்டுக் கழுத்தில் தாராளமாக மூன்று கீற்று போட்டாள். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். கீற்று விழுந்த இடம், தூரத்துக்குத் தகுந்தபடி திருப்பும் வளையம் சுற்றுகிற இடுக்கு. ஈரமண் உள்ளே இறங்கிக் காய்ந்தது. மறுநாள் வளையத்தைத் திருப்பினால் நறநறவென்றது. ஊதிப் பார்த்தேன், பிரஷ்ஷால் தட்டிப் பார்த்தேன். ஓரளவு சரியானது. சத்தம் மட்டும் போகவில்லை. அம்மன் மண்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த லென்ஸில் எதுவும் தானாக நடக்காது. எவ்வளவு தூரத்தில் தெளிவு வேண்டுமோ அதை ஒரு வளையத்தில் வைக்க வேண்டும். உள்ளே இருக்கிற துளையை இன்னொரு வளையத்தால் சின்னதாக்கலாம், பெரிதாக்கலாம். துளை பெரிதாக இருந்தால் வெளிச்சம் நிறைய வரும், ஆனால் வைத்த தூரத்துக்கு முன்னும் பின்னும் கலங்கும். கடைசி எண்ணான பதினாறுக்குக் கொண்டுபோய்த் துளையை ஊசிபோல ஆக்கினால் வெளிச்சம் குறையும். தெளிவு முன்னும் பின்னும் விரியும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வியாபாரம் மந்தமான மத்தியானங்களில், பேர் வெட்டிய பாத்திரங்களைக் கடை வாசலிலிருந்து உள்சுவர் வரை வரிசையாக வைத்து எடுத்துப் பார்ப்பேன். எந்தக் குடத்தின் பேரை வாசிக்க முடிகிறது, எந்தக் கொப்பரையின் பேர் கலங்குகிறது என்று பார்த்தால் போதும். நானே வெட்டிய எழுத்து என்னிடம் பொய் சொல்லாது. கொஞ்ச நாளில், எந்த எண்ணில் எது தெரியும் என்பது எடுக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் பழகிக்கொண்டேன். அகல லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபடுவார்கள். முதல் படத்தில் என் மனைவியை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு ரசம் மட்டும்தான்.

என் அக்கா கீழே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தாள். வாய் மட்டும் பழைய வாய். அவள் மகளுக்குத் திருவேங்கடத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அக்காவை உட்கார வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மண்டபத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. தாலி கட்டியபின் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்து ஆசீர்வாதம் வாங்குவது என்று பேசி வைத்தோம். ஆல்பத்துக்குப் பேசிய ஸ்டுடியோக்காரர் வந்து அறையைப் பார்த்தார்.

"ரூம்பு சின்னது அண்ணாச்சி. கதவுல நின்னா கட்டில் பாதிதான் தெரியும். அம்மாவத் தனியா ஒண்ணு எடுத்துக்கிடுதேன். மண்டபத்துல எடுக்க குரூப் போட்டோல கம்ப்யூட்டர்ல சேத்துரலாம். வித்தியாசமே தெரியாது."

அக்கா படுத்தபடியே அவரைப் பார்த்தாள்.

"போன மாசம் எதுத்த வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளைக்க அப்பாவ அப்படித்தான் சேத்தீகளா?"

"ஆமாம்மா. தத்ரூபமா வந்துச்சி."

"அவரு செத்து அஞ்சு வருசம் ஆச்சுய்யா. நான் உயிரோட கெடக்கேன். செத்தவகளத்தான் வெட்டி ஒட்டுவாக. என்னையும் இப்பமே ஒட்டப் போறீகளா?"

அவர் கிளம்பிப் போய்விட்டார். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. அத்தான் கெஞ்சிப் பார்த்தார். சாயங்காலம் நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, ஒரே படம் போதும். எம்பிள்ள கல்யாணப் படத்துல ரெண்டு குடும்பத்தோட நானும் இருக்கணும். ஒட்டு வேண்டாம். உங்கிட்டதான் என்னமோ அகலமா எடுக்க டப்பா இருக்குல்லா?"

"நான் எடுத்துத் தாரேன்க்கா" என்றேன். சும்மா சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சன்னலைப் பார்த்துவிட்டேன்.

அக்கா வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓர் ஆள் நுழையும் அகலத்தில் முடுக்கு ஒன்று உண்டு. அந்த அறையின் சன்னல் அதில்தான் திறக்கும். சன்னலுக்கு எதிர்ச் சுவரோடு கட்டில். கால்மாட்டில், சன்னலைப் பார்த்தபடி, கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. முடுக்கில் நின்று பார்த்தால் கட்டில் முழுசாகத் தெரியும், ஆனால் கம்பி மறைக்கும். ஸ்டுடியோக்காரரின் லென்ஸ் சொம்பு மாதிரி பெரிது, கம்பிக்குள் நுழையாது. என் பழைய லென்ஸ் டீ கிளாஸ் அளவு. கம்பிக்கு நடுவே அளவெடுத்துச் செய்ததுபோல நுழைந்தது. செல்போனிலும் அகலமாக எடுத்துப் பார்த்தோம். அந்த இருட்டில் முகமெல்லாம் மாவு அப்பியதுபோல வந்தது. சுவரில் மாட்டுகிற படத்துக்கு அது ஆகாது.

ஒன்றுதான் அக்காவுக்குக் குறை. "தாய்மாமன் இல்லாம என்னல குடும்பப் படம்?"

"நான்தான எடுக்கணும்."

"உம் பொண்டாட்டிய எடுக்கச் சொல்லு."

"எனக்கு அந்த வளையத்தத் திருக்கத் தெரியாது மதினி" என்று என் மனைவி கழன்றுகொண்டாள். கேமராவைத் தானாக எடுக்க வைத்துவிட்டு ஓடிவரலாம் என்றால், முடுக்கிலிருந்து தெருவைச் சுற்றி அறைக்குள் வருவதற்குள் அது எடுத்து முடித்திருக்கும். "சரி, விடு" என்றாள் அக்கா. ஆனால் முகம் சரியாகவில்லை.

கல்யாணத்தன்று காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன். தாய்மாமன் மாலை போட்டேன். தாலி கட்டி எல்லாரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவள் தலையணையில் கொஞ்சம் சாய்ந்தபடி திருநீறு பூசினாள். ராகு காலம் பிறப்பதற்குள் புறப்பட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முடுக்குக்குள் பக்கவாட்டாக நுழைந்து, லென்ஸைக் கம்பிக்கு நடுவே விட்டு, கேமராவைச் சன்னல் திட்டில் அழுத்தி வைத்தேன்.

"ஒல்லியா இருக்கவங்க ஓரத்துக்கு வாங்க" என்று சத்தம் கொடுத்தேன்.

மாப்பிள்ளையின் அத்தை பீரோ பக்கம் நின்றிருந்தார். நல்ல ஆகிருதி. "அப்ப என்னைய என்ன செய்யச் சொல்லுதீக?"

"நீங்க நடுவுல வாங்கம்மா. ஓரத்துல நின்னா இந்த லென்ஸு ஆள அகலமாக்கும்."

"இதுக்கு மேல அகலமாக எடம் ஏது?" என்று அவரே சொல்ல, அறையே சிரித்தது. அவர் நடுவுக்கு வந்தார். கைத்தடி போலிருந்த சம்பந்தி அவர் இடத்துக்குப் போனார்.

முதலில் நான் நினைத்திருந்தது, அறை இருட்டு என்பதால் துளையைப் பெரிதாக வைத்து, அக்கா இருக்கும் தூரத்துக்கு வளையத்தைத் திருப்பி எடுப்பது. வளையத்தைத் திருப்பினேன். நறநறவென்றது. பாதி வழியில், கட்டிலுக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் வரவில்லை. புற்றுமண் முழுசாக இறுகிவிட்டது. அப்படியே எடுத்தால் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் தெளிவாக இருப்பார்கள், அக்கா கலங்கிப்போவாள்.

உள்ளேயிருந்து அக்கா கேட்டாள். "என்னல, முழிக்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"நேரமாகுது மாமா" என்றாள் கல்யாணப் பெண்.

வியர்த்தது. ஆனால் கடைசிக் கொப்பரையின் பேர் எந்த எண்ணில் தெரிந்தது என்பது என் கைக்குத் தெரியும். துளையைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினேன். குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்டக் கேமராவின் உணர்திறனை நன்றாகக் கூட்டினேன். படத்தில் புள்ளி விழும், விழட்டும். "தாயே, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு, "யாரும் அசையாதீங்க, மூச்சையும் புடிச்சிக்கிடுங்க" என்றேன். எடுத்தேன். இன்னும் ஒன்று எடுப்பதற்குள் வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பெண் தன் அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஒரு படத்தை வைத்து மறுநாள் பெரிதாகப் பிரிண்டு போட்டேன். அக்கா அதை நெஞ்சின் மேல் சாய்த்து வைத்து, ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டுக்கொண்டு போனாள். எல்லாரும் தெளிவாக இருந்தார்கள். நடுவில் அவள், திருநீறு ஒட்டிய கையோடு. விரல் பீரோவில் போய் நின்றது.

"ஏலே, இது யாரு?"

பீரோ கண்ணாடியில் சன்னல் தெரிந்தது. சன்னல் கம்பிக்குப் பின்னால் கேமராவைப் பிடித்தபடி நான். நெற்றியில் காலையில் பூசிய புற்றுமண் கூடத் தெரிந்தது. எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அக்கா அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "தாய்மாமன் வந்துட்டாம்லா" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

ஆல்பத்தில் சேர்க்கக் கொண்டுபோனபோது ஸ்டுடியோக்காரர், இடது ஓரத்தில் கம்பியின் நிழல் ஒன்று விழுந்திருக்கிறது, கண்ணாடியில் ஓர் ஆள் தெரிகிறது, இரண்டையும் எடுத்துவிடலாம் என்றார். அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "ஒண்ணையும் வெட்டாதீக. இருந்தபடி இருக்கட்டும்."

நான் நம்புவதைச் சொல்கிறேன். வளையம் இறுகாமல் இருந்திருந்தால் துளையைப் பெரிதாக வைத்து அக்காவை எடுத்திருப்பேன். கண்ணாடிக்குள் நான் வெறும் கலங்கலாகப் போயிருப்பேன். இறுகியதால்தான் கடைசி எண்ணுக்குப் போனேன். கடைசி எண்ணுக்குப் போனதால்தான் அத்தனை தூரமும் தெளிந்தது. மண் யாருடையது என்று எங்கள் ஊரில் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் போன ஆடித் தபசு கூட்டத்தில், பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவர் இந்தக் கதையை என்னிடமே சொன்னார். அவர் சொன்னதில் லென்ஸ் தானாகச் சுற்றியது, அறைக்குள் ஒரு வெளிச்சம் வந்தது, படுக்கையிலிருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "அது நான்தான், அப்படியெல்லாம் நடக்கல" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. அக்காவிடம் சொன்னதும் சிரித்துவிட்டு, "எழுதி வையி. கூட்டாம எழுது" என்றாள். அதனால்தான் உட்கார்ந்தேன்.

அக்கா இன்றும் படுக்கையில்தான் இருக்கிறாள். அந்தப் படம் அவள் கண்ணுக்கு நேரே மாட்டியிருக்கிறது. லென்ஸைப் பிரித்துத் துடைத்துத் தருவதாகத் தென்காசியில் ஒருவர் சொன்னார், நான் கொடுக்கவில்லை. வளையம் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதை வைத்தே எடுக்கிறேன். நன்றாகத்தான் வருகிறது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது வெளிச்சம் வந்தது என்று சேர்க்க வேண்டாம், அம்மன் பேரை விட்டுவிடவும் வேண்டாம். கம்பி நிழலும், நறநறவென்ற சத்தமும், மாப்பிள்ளையின் அத்தை பேச்சுக்கு அறையே சிரித்த சிரிப்பும், எல்லாம் இருந்தபடி இருக்கட்டும்.