நூறு கல்லுக்கு மேல்

காலை 6.10. ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பர் ஒன் டோல்கேட்டுக்கு ஆட்டோ நூறு ரூபாய், அதிகம்தான். கொள்ளிடம் பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடிய ஓடைகளை எண்ணினேன். இரண்டு. மற்றதெல்லாம் மணல். அங்கிருந்து துறையூருக்கு பஸ் டிக்கெட் முப்பத்தாறு ரூபாய்.

பச்சைமலையில் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் ஊற்றுகளைத் தாங்களே அளந்து காக்கிறார்கள். முன்பு ஒருமுறை துறையூர் சந்தையில், அந்த மலையிலிருந்து வந்து மரவள்ளிக்கிழங்கு விற்ற செல்லம்மா எனக்கு இதைச் சொன்னார். "அமாவாசைக்கு வந்து பாருங்க" என்றார். எழுபத்து நான்கு வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். மாத்திரை ஐந்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மலைப் பஸ்ஸில் வளைவுகளை எண்ணினேன். ஒன்பதாவதில் தலை சுற்றியது.

11.15. ஊற்று. பாறையில் செருகிய மூங்கில் வழியே தண்ணீர் விழுகிறது. கீழே குடத்தை வைத்து, அது நிறையும்வரை ஒரே சீராக ஒவ்வொரு கல்லாகச் சட்டியில் போடுகிறார்கள். நூறு கல்லைத் தாண்டினால் ஊற்று மெலிந்துவிட்டது என்று அர்த்தம்; அதற்கு மேலேயுள்ள நிலத்தில் அந்த வருடம் பயிர் கூடாது. நட்டிருந்தாலும் பிடுங்கிவிட வேண்டும். புல்லும் புதரும் வளர்ந்தால்தான் ஊற்று தேறுமாம்.

இந்த முறை அளந்த ஊற்றுக்கு மேலே இருந்தது செல்லம்மாவின் ஒரே காடு, மரவள்ளி நிலம். நட்டு இருபது நாள்.

"இதுவும் போச்சுன்னா சேகர் திருப்பூருக்குப் போயிடுவான்" என்றார். சேகர் அவருடைய ஒரே மகன்.

மூன்று பேர் அளந்து மூன்றும் நூறைத் தாண்ட வேண்டுமாம். செல்லம்மா போட்டது நூற்று ஐந்து. பக்கத்து நிலத்துக்காரர் மாணிக்கம் போட்டது நூற்று மூன்று. மூன்றாவது கை, அங்கே நிலமில்லாத கையாக இருக்க வேண்டுமாம். கற்களை என்னிடம் கொடுத்தார்கள். நான் கொஞ்சம் நிதானமாகப் போட்டேன். தொண்ணூற்றெட்டு.

செல்லம்மா என்னைப் பார்த்தார். "ஐயா, நடுங்குறது கையா, மனசா?" குடத்தைக் கவிழ்த்து மறுபடி வைத்தார். "ஒழுங்காப் போடுங்க."

நூற்று நான்கு.

12.30. செல்லம்மா தன் காட்டில் மரவள்ளிக் குச்சிகளைப் பிடுங்கத் தொடங்கினார். அவற்றில் கட்டைவிரல் அளவு துளிர் விட்டிருந்தது. யாரும் கூப்பிடாமலே மாணிக்கமும் வந்து மறு கோடியிலிருந்து பிடுங்கினார்.

"அக்கா, போன வருஷம் என் காட்டுல என்னா வேகமாப் புடுங்குன! இப்ப என்ன, தடவிக்கிட்டு நிக்கிற?"

"போடா, எடுபட்டவனே" என்று சிரித்தார் செல்லம்மா. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை 7.20. திரும்பும் பஸ்ஸில் சேகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் ஒரு பை.

"அம்மா என்னப்பா சொன்னாங்க?"

"சோறு கட்டிக் குடுத்தாங்க."

இரண்டு வளைவு இறங்கியதும் அவனே கேட்டான். "உங்க ஸ்ரீரங்கத்துல தண்ணி கொறைஞ்சா என்னங்க பண்ணுவீங்க?"

"போர்வெல்லை இன்னும் ஐம்பது அடி இறக்குவோம்."

"யாரும் எதையும் புடுங்க வேண்டாமா?"

"வேண்டாம்."

அவன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினான்.