புதன்கிழமைப் பரீட்சை

கலிபோர்னியாவில், மில்பிடாஸில் குடியிருந்தபோது எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை, படிக்கத் தடையில்லை. ஈரோட்டில் வாங்கிய மூன்று வருட பி.எஸ்ஸி.யை அங்கே யாரும் முழு டிகிரியாக மதிக்காததால், கம்யூனிட்டி காலேஜில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கம்ப்யூட்டர் எடு என்றார் கணவர். எடுத்தேன். கூடவே கட்டாயப் பாடமாக அமெரிக்க அரசியல் சட்ட வரலாறு வந்தது. வேண்டாவெறுப்பாகப் போய் உட்கார்ந்தேன், ஆனால் அதுதான் பிடித்துப்போனது.

முதல் கட்டுரையின் ஓரத்தில் பேராசிரியர், நன்றாக வாதாடுகிறீர்கள் என்று எழுதியிருந்தார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் என் சமையலைத் தவிர வேறு எதையும் யாரும் பாராட்டியதில்லை. அந்தத் தாளை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த டிசம்பரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் கிடந்தது. அட்வான்ஸ் பரோல் என்ற அனுமதிக் கடிதம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பம் அதோடு போச்சு. ஜெயில் கைதிக்குக் கொடுக்கிற விடுப்பின் பெயரைத்தான் எங்களுக்கும் வைத்திருந்தார்கள். அதற்கு எழுதிப் போட்டுவிட்டு, தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை மதியம் கடிதம் வந்துவிட்டது. அரசியல் சட்டப் பாடத்தின் இறுதிப் பரீட்சை புதன்கிழமை. கடிதம் வந்த அன்று காலைதான் அண்ணன் போனில், "அப்பா ரெண்டு இட்லி சாப்ட்டாரு, பயப்படாதே" என்றிருந்தான். கணவரிடம் சொன்னால் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவார். இரண்டு நாள்தானே என்று கடிதத்தைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்து மூடினேன்.

பரீட்சையில், அரசாங்கத்திடம் குறையைச் சொல்லி முறையிடும் உரிமை பற்றி ஒரு கேள்வி. நான்கு பக்கம் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வீட்டுக்கு வந்தால், ஆபீஸில் இருக்க வேண்டிய கணவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடிதம் அன்றுதான் வந்தது என்று சொன்னேன். அவர் நம்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை எரித்து ஒரு நாள் ஆகியிருந்தது.

திரும்பி வந்தபின் ஜனவரியில் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். முன்பே கேட்டிருந்தால் வேறு தேதியில் பரீட்சை வைத்திருப்பேனே என்று வருத்தப்பட்டார். கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர் யூனிவர்சிட்டியில் யார் வீட்டுச் சாவுக்கும் பரீட்சை தள்ளிப்போனதில்லை. முறையிடும் உரிமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு, ஒரு வாத்தியாரிடம் இரண்டு நாள் தவணை கேட்கத் தெரியவில்லை. என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அதைவிடவும் தாங்க முடியாதது அம்மாவின் பேச்சு. ஈரோட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும், பெண்ணால் ஏன் நேரத்துக்கு வர முடியவில்லை என்றே கேட்டார்கள். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

"அங்கத்த சட்டம் அப்படிங்க. உடமாட்டேன்னுட்டாங்க. எம்புள்ள என்ன பண்ணுவா, பாவம்."

அந்தச் சட்டம் திங்கட்கிழமையே என்னை விட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.