ஏரிக்குள் போட்ட வெள்ளை நாற்காலிகள்

எங்கள் பக்கத்தில் எதைச் செய்தாலும் அது விழாவாகிவிடும். குப்பைத் தொட்டி வைத்தால் விழா, தெருவிளக்கு எரிந்தால் விழா. ஏரியில் இருக்கும் பறவைகளை நாலு பேருக்குக் காட்டலாமே என்று நான் வாயைத் திறந்தபோதே, அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் இருக்கிறது எங்கள் ஏரி. பாதிக்கு மேல் வீடாகிவிட்டது. மிச்சம் இருப்பதைச் சுற்றி வேலி போட்டு, பறவைகள் பாதுகாப்புப் பகுதி என்று ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். கரைமேல் காலையில் நடக்க வருகிறவர்களில் சிலர் சேர்ந்து தன்னார்வலர் குழு என்று ஒன்று ஆரம்பித்தோம். பெரும்பாலும் அடுக்குமாடிக்காரர்கள். கரூர், நெல்லை, தஞ்சாவூர் என்று எங்கிருந்தோ வந்து, வங்கிக் கடனில் வீடு வாங்கி, பால்கனியில் துளசி வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள். நானும் அப்படித்தான். செயலாளர் மட்டும் உள்ளூர்க்காரர். அவருடைய அப்பா அம்மா இந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். என்னைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர். ஒரே குறை, மைக் இல்லாத நிகழ்ச்சியை அவர் நிகழ்ச்சி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

பறவை பார்க்க ஜனவரிதான் சரி என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். வலசை வரும் பறவைகள் எல்லாம் மார்ச்சிலேயே மூட்டை கட்டிவிடும். மே மாதத்தில் ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டையாகக் கிடக்கும். ஆனால் மே மாதத்தில்தான் பிள்ளைகளுக்கு லீவு. மே மாதத்தில்தான் எங்கள் விழாக்களுக்கெல்லாம் வரும் சிறப்பு விருந்தினருக்கும் நேரம் ஒழியும். பறவைகளுக்கு எப்போது ஒழியும் என்று யாரும் கேட்கவில்லை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. ஃப்ளெக்ஸ் வந்தது. அதில் ஒரு புலி இருந்தது, தென்னமெரிக்கக் கிளி இருந்தது, கைகூப்பியபடி சிறப்பு விருந்தினர் இருந்தார். எங்கள் ஏரியில் இருக்கும் ஒரே ஒரு பறவைகூட இல்லை.

முதல் நாள் சாயங்காலம் பந்தல் போட ஆட்கள் வந்தார்கள். கரைமேல் இடம் போதாது என்று, கீழே காய்ந்து கெட்டியாகிப்போன ஏரித் தரையில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டி வரும் வழிக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டே போனேன். திடீரென்று ஒரு ஆள்காட்டிப் பறவை என் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தது. மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல், தொண்டை கிழிகிற மாதிரி ஒரே கூச்சல். நான் அப்படியே நின்றேன். இந்தப் பறவை கூடு கட்டாது. தரையில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு அங்கேயே முட்டை இடும். கண்ணை நிலைநிறுத்தித் தேடினேன். என் செருப்பிலிருந்து ரெண்டு எட்டில் நாலு முட்டைகள் கிடந்தன, மண்ணோடு மண்ணாக, புள்ளி புள்ளியாக. நான் போட்டிருந்த கோடு நேராக அவற்றின் மேல்தான் போக இருந்தது.

செயலாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பதறவே இல்லை.

"இதுக்கு இன்னாத்துக்குக்கா டென்சனு? ஒரு தட்டுல எட்த்து அந்தாண்ட வெச்சிட்டா போச்சி."

எடுத்து வைத்தால் தாய் வந்து உட்காராது என்றேன். பக்கத்தில் நின்ற அடுக்குமாடிச் சங்கத் தலைவர் இன்குபேட்டர் ஏதாவது கிடைக்குமா என்று ஃபோனில் தேட ஆரம்பித்தார். இவர்கள்தான் மறுநாள் வனவிலங்குப் பாதுகாப்பு பற்றி ஊருக்குச் சொல்லப்போகிறவர்கள். கத்தினேன். அந்த ஆள்காட்டிக்கும் எனக்கும் அன்றைக்குக் குரலில் வித்தியாசமே இருந்திருக்காது. கடைசியில் பந்தலைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சம்மதித்தார்கள். வண்டி வரும் வழியை மாற்ற மட்டும் முடியாது என்றார்கள். மறுபக்கம் சேறு, விருந்தினர் கார் சிக்கிக்கொள்ளும். முட்டைகள் வழியோரத்தில், ஒரு டயர் கொஞ்சம் விலகினால் போய்விடும் இடத்தில் கிடந்தன.

ஞாயிறு காலை இருட்டு பிரியும்போதே போய்விட்டேன். பறவை பார்க்க வந்தவர்கள் நாலே நாலு குடும்பம். அவர்களையும் செயலாளர் கரையிலேயே நிறுத்தி வைத்திருந்தார். ஏழரைக்கு மேல்தான் நல்ல நேரமாம், குத்துவிளக்கு ஏற்றாமல் யாரும் தொலைநோக்கியைத் தொடக் கூடாதாம். குட்டையில் நின்ற கொக்குகளும் நாரைகளும் எங்கள் நல்ல நேரத்துக்குக் காத்திருக்காமல் இரை தேடப் பறந்துபோயின. அதற்கு நான் சண்டை போடவில்லை. என் கவலையெல்லாம் அந்த நாலு முட்டைகள்தான்.

முட்டைகளைச் சுற்றி, கொஞ்சம் விலக்கி, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். பந்தலுக்குள் திரும்பி ஒரு வாய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் இரண்டைக் காணோம். எடுத்து வந்து போட்டேன். மறுபடி இரண்டைக் காணோம். செயலாளர்தான். கூட்டம் வந்துகொண்டிருந்தது, பொங்கலும் வடையும் இறங்கிவிட்ட சேதி கரை முழுக்கப் பரவியிருந்தது.

"ஆளுங்க நின்னுகினு கீறாங்க, நீங்க சேரை வெயில்ல காய வெச்சிகினு கீறீங்க. இன்னாக்கா நீங்க" என்று சலித்துக்கொண்டார்.

சரி, எழுதி வைப்போம் என்று ஒரு அட்டையில் 'இங்கே பறவை முட்டைகள் உள்ளன, அருகில் வராதீர்கள்' என்று பெரிதாக எழுதிக் குச்சியில் கட்டி நட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு. அதுவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் எங்கே முட்டை, எங்கே முட்டை என்று வந்துவிட்டார்கள். பொங்கல் தட்டோடு வந்தார்கள். செல்ஃபி எடுத்தார்கள். ஒரு அம்மா, இது காடை முட்டையா, உடம்புக்கு நல்லதாச்சே என்றார். எனக்கு அழுகை வந்தது. அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒவ்வொருவரையும் விரட்டிவிட்டு, நானே அங்கே காவலுக்கு நின்றேன்.

வெயில் ஏறியது. மே மாத வெயில், சொல்ல வேண்டியதில்லை. மேலே பறந்து கத்திக்கொண்டிருந்த பறவை குட்டைப் பக்கம் போய், தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தது. இறங்கப் பார்த்தது, விலகிப் போனது. மறுபடி நனைத்துக்கொண்டு வந்தது, மறுபடி விலகிப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈர வயிற்றோடு உட்கார்ந்து முட்டையைக் குளிர்விக்கத்தான் அது வருகிறது. நான் நிற்பதால் இறங்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால், யாரும் மிதிக்காமலே முட்டைகள் வெந்துவிடும்.

நான் போக வேண்டும். போனால் கூட்டம் வரும். அங்கே நின்றபடி, இந்த ஊர் ஜனங்கள் எதைத்தான் தொடாமல் விடுவார்கள் என்று யோசித்தேன். கோயில் என்றால் தொட்டுக் கும்பிடுவார்கள். செடி என்றால் ஒடிப்பார்கள். பந்தல் பக்கம் திரும்பினேன். முதல் வரிசையில் வெள்ளைத் துணி மாட்டி, முதுகில் சிவப்பு ரிப்பன் முடிச்சுப் போட்ட நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பின்னால் அத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட அவற்றில் உட்காரவில்லை. பக்கத்தில் 'சிறப்பு விருந்தினர்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகை இருந்தது.

யாரையும் கேட்கவில்லை. அந்த வெள்ளை நாற்காலிகளில் பாதியை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, முட்டைகளைச் சுற்றித் தாராளமாக வட்டம் விட்டுப் போட்டேன். பலகையை வழியைப் பார்த்து வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் பந்தலுக்குள் போய் ஒரு கம்பத்தில் சாய்ந்துகொண்டேன்.

ஒருத்தரும் கிட்டே போகவில்லை. வடை தின்றுகொண்டே வந்தவர்கள் பலகையைப் பார்த்ததும் ஒதுங்கி நடந்தார்கள். ஓடிவந்த குழந்தைகளை அம்மாக்கள் முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டார்கள். பறவை என்று எழுதியபோது மிதிக்க வந்தவர்கள், பெரிய மனிதர் என்று எழுதியதும் செருப்புச் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பறவை நாற்காலிகளுக்கு நடுவே இறங்கி, இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இந்த ஜனங்களை நினைத்துப் பற்றிக்கொண்டும் வந்தது.

மேளம் முழங்க சிறப்பு விருந்தினர் வந்தார். கார், நாற்காலிகளைக் கண்டு தூரத்திலேயே நின்றது. கூட வந்தவர்கள் அவரை நேராக அந்த வட்டத்தை நோக்கி அழைத்துப் போனார்கள். நான் தடுக்க ஓடினேன். எனக்கு முன்னால் செயலாளர் பாய்ந்து போய்க் குறுக்கே நின்றார். அந்த நாற்காலிகள் எப்படி அங்கே போயின என்று அவருக்குத் தெரியாது. இந்த விருந்தினரைவிடப் பெரிய யாரோ வரப்போகிறார்கள், அடுக்குமாடிக்காரர்கள் தன்னிடம் சொல்லாமல் ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

"சார், அது வேற ஒருத்தருக்குப் போட்டுக் கீது. நீங்க இப்டி உள்ள வாங்க சார்."

"யாருப்பா வர்றாங்க?" என்று கேட்டார் விருந்தினர்.

"பெரிய ஆளு சார்" என்றார் செயலாளர், ரகசியம் போல.

விருந்தினர் முகம் மாறிவிட்டது. மேளத்தை அவரே கையமர்த்தி நிறுத்தினார். பந்தலுக்குள் மிச்சமிருந்த வெள்ளை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பேசும்போதும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகத் தன் சாதனைகளைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறவர், இயற்கையைக் காப்போம் என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வருகிறவர் வரட்டும் என்று மைக்கைக் கொடுத்துவிட்டார். பிறகு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். எங்கள் ஏரி வரலாற்றிலேயே அவ்வளவு சின்ன விழா நடந்ததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு செயலாளர் என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

"யாருக்கா அந்த ஆளு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் இன்னா வேத்து ஆளா?"

நான் அவரைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போய்க் கை காட்டினேன். வெள்ளை நாற்காலிகளுக்கு நடுவில் பறவை எங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்தார். பந்தல் ஆட்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு கம்பங்களைப் பிடுங்கினார்கள். அவர்களைப் பார்த்து, பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையால் சைகை செய்தார். அந்த மனிதர் சத்தம் போடாமல் ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. அன்று சாயங்காலமே அவர் தன் வீட்டிலிருந்து, அவர் பாஷையில் ஊட்டிலிருந்து, பழைய நாற்காலிகளைக் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டார். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார். பலகையைக் கல் வைத்து நிறுத்தினார். பொன்னாடை ஒன்று மிச்சம் இருந்ததாம், அதையும் ஒரு நாற்காலியில் போர்த்திவிட்டிருந்தார். இதெல்லாம் அதிகம் என்று நான் சொன்னேன். சும்மா இருங்கக்கா என்றார்.

அதற்குப் பிறகு தினமும் கரைமேல் நடக்கும்போது என் கண் அங்கேதான் போகும். மாடு மேய்க்கிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கிரிக்கெட் ஆடும் பையன்கள் ஸ்டம்பைத் தள்ளி நட்டுக்கொண்டார்கள். யார் வரப்போகிறார்கள் என்று கேட்டவர்களுக்கு, தேதி இன்னும் முடிவாகவில்லை என்று செயலாளர் முகம் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் ஒரு காலையில் அவரிடமிருந்து ஃபோன். உடனே வாங்க என்று கிசுகிசுத்தார். ஓடினேன். அவர் கரைச் சரிவில் படுத்துக்கொண்டிருந்தார், ஆபீஸ் சட்டையோடு. நாற்காலிக் கால்களுக்கு நடுவே குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. நீளக் காலில் ஒட்டிவைத்த பஞ்சுத் துணுக்குகள் மாதிரி. நாலும் இருந்தன. தாய் எங்களைப் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பக்கம் திரும்பாமல் துடைத்துக்கொண்டேன்.

"அக்கா" என்றார் மெதுவாக. "வர்ற வருசமும் மே மாசத்துலயே வெச்சிக்கலாம்கா. இவங்க அப்பதான கீறாங்க. வேற சீஃப் கெஸ்டே வோணாம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஜனவரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை.