முறை இல்லாத வாரத்தில் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி பதினேழு நிமிடத்துக்கு நான் அந்தப் படத்தைத் திறந்தேன். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்றால், அதற்குப் பிறகு போனை எடுத்து எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறேன். படத்தில் என் மகளும் அவளுக்கு நிச்சயம் செய்திருந்த பையனும் கல்லணையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் கண்ணை மூடியிருந்தான். அவளுடைய துப்பட்டா காற்றில் பறந்து அவன் தோளில் கிடந்தது. பின்னால் மதகுகளிலிருந்து தண்ணீர் நுரைத்து விழுந்தது. கீழே மகள் எழுதியிருந்தாள்: "வந்தாச்சு. போதுமா?"

போதுமா என்ற அந்தச் சொல் எனக்கானது. போகும் இடத்திலெல்லாம் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும், ஆறரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு அனுப்பியவள் நான்தான்.

ஆவணியில் நிச்சயம் நடந்தது, தையில் கல்யாணம். பையன் நன்னிலம் பக்கம். சிங்கப்பூரில் வேலை, ஒரு மாத லீவில் வந்திருந்தான். நிச்சயமான இருவர் கல்யாணத்துக்கு முன் வெளியே போவது எங்கள் நீடாமங்கலத்திலும் இப்போது யாரும் வாயைப் பிளக்கிற விஷயமில்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோவில் புல்வெளியில் உட்கார்வார்கள், பூங்காவுக்குப் போவார்கள், மிஞ்சினால் கல்லணை. ஆனால் பைக் கிளம்பும்போது எதிர் வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து, "என்ன டீச்சர், மாப்பிள வண்டி சத்தம் வாராவாரம் பெருசாயிக்கிட்டே போவுது" என்று கேட்காமல் இருக்க மாட்டாள். நான் சிரித்து வைப்பேன். ஏதாவது ஒன்று ஆகி இந்தக் கல்யாணம் நின்றுபோனால், இதே பெண் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பைக் வந்து போனது என்று விரல் விட்டு எண்ணுவாள். என் மகளைப் பிறகு பெண் கேட்டு வருகிறவர்கள் எதிர் வீட்டில்தான் முதலில் விசாரிப்பார்கள்.

விசாரிப்பது எங்கள் பக்கம் லேசான காரியமில்லை. ஜாதகம் பொருந்தியதும் டீக்கடை, சலூன், ரேஷன் கடை என்று ஆள் விட்டுக் கேட்போம். நன்னிலத்திலிருந்து வரும் சக ஆசிரியை ஒருவரை விட்டு நானும் கேட்டேன். குடிக்கிறானா, சீட்டாடுகிறானா, சிங்கப்பூரில் யாரையாவது வைத்திருக்கிறானா. எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் வந்தது. ஒரு குறைகூட வராததுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. இருபது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். நடுவில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் விடை வந்தால் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினேன். அவர்கள் தலைக்கு மேல் இடது மூலையில் ஒரு பலகை. அதில் பாதி எழுத்து தெரிந்தது. வெண்ணாறு.

மேட்டூரில் தண்ணீர் குறைந்துவிட்டால் கல்லணையில் முறை வைத்துவிடுவார்கள். ஆறு நாள் காவிரிக்குத் திறப்பு, ஆறு நாள் வெண்ணாற்றுக்கு. ஒன்று ஓடும்போது மற்றது மூடியிருக்கும். எங்கள் வயல் வெண்ணாற்றுப் பாசனம். வியாழக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவர் சொல்லியிருந்தார்: "நாளையிலேருந்து புதன் வரைக்கும் நமக்குத் தண்ணி கெடையாது." அப்படியானால் இந்த ஞாயிற்றுக்கிழமை வெண்ணாற்று மதகில் தண்ணீர் எப்படி நுரைத்துக்கொண்டு விழும்?

போன ஞாயிறும் அவர்கள் கல்லணைக்குத்தான் போனார்கள். போன ஞாயிறு வெண்ணாற்று முறை. போன ஞாயிறும் இதே பச்சைச் சுடிதார். அந்தப் பச்சை அவனுக்குப் பிடிக்குமாம். "போன வாரந்தானே போனீங்க, மறுபடியும் எதுக்கு?" என்று காலையில் கேட்டபோது, "அங்க காத்து நல்லாருக்கும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். போன வாரம் அனுப்பிய படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிற்கிற இடம் வேறு. அதனாலென்ன, அன்றைக்கே இரண்டு படம் எடுத்து ஒன்றை இன்றைக்கென்று பத்திரப்படுத்தியிருக்கலாமே.

எதற்கும் கேட்டுவிடலாம் என்று கணவருக்குப் போன் செய்தேன். தினமும் சாப்பிட்டதும் இரண்டரை மணிக்கு, வண்டியின் பின்னால் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு மதகு பார்க்கக் கிளம்பிவிடுவார். மழையானாலும் போவார். இப்படிப் பொறுப்பான ஆளை எங்கே பார்த்தீர்கள் என்று பள்ளிக்கூடத்தில் நான் பெருமையாகச் சொல்வதுண்டு.

"எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? மதகடியிலதான்."

"வாய்க்கால்ல தண்ணி வருதா?"

"மொறையே இல்லையே, எப்புடி வரும்? சொட்டு இல்ல. காஞ்சு கெடக்கு. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டேன். அவர் பேசும்போது பின்னால் ஒரு பஸ் ஹாரன் நீளமாகக் கேட்டது. வயல்வெளியில் பஸ் ஏது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மகளுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பையனுக்கு அடித்தேன். அதுவும் அப்படியே. படித்தவள்தான் நான். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தில் லாட்ஜ் என்ற ஒரு சொல் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனை தள்ளியும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு பயம் அதைவிட மோசம். இவ்வளவு சுலபமாகப் படம் தயாரித்து அனுப்பத் தெரிந்தவன், சிங்கப்பூரில் இருப்பதாகச் சொன்ன வேலையையும் அப்படித்தானே தயாரித்திருப்பான்?

பையனின் அம்மாவுக்குப் போன் செய்தேன். அதுதான் நான் செய்த தப்பு. கணவர் வரும்வரை காத்திருக்கலாம். வயல் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. போய்ப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

"உங்க பையன் இப்ப எங்க இருக்காருன்னு உங்களுக்காவது தெரியுமா?"

"கல்லணைக்குப் போறேன்னுதாங்க சொன்னான். ஏங்க, என்ன ஆச்சு?"

"அங்க இல்ல. போன வாரத்துப் படத்த இன்னைக்கு எடுத்த மாதிரி அனுப்பியிருக்காங்க. வெண்ணாத்துல தண்ணியே இல்லாத வாரத்துல தண்ணி ஓடுது. நான் கணக்கு டீச்சருங்க, எங்கிட்டயேவா? இப்பவே இப்படிப் பொய் சொல்றவருக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது? தையில கல்யாணம் நடக்கணுமான்னு யோசிக்க வேண்டியிருக்கு."

"நான் நேர்ல வர்றேன்" என்றார். வைத்துவிட்டார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். கணவரை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போய் அவர்களைத் தேடலாம் என்பதுதான் எண்ணம். வாய்க்கால் வளைவு திரும்புவதற்கு முன்பே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வாய்க்கால் இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மதகு திறக்காமல் கிடந்தது. கணவரும் இல்லை, வண்டியும் இல்லை.

சற்றுத் தள்ளி, ஷட்டர் திருகும் கைப்பிடியைத் தோளில் சாத்திக்கொண்டு லஸ்கர் வந்தார். வாய்க்கால்களில் தண்ணீர் திறந்து அடைக்கும் அரசாங்க ஆள்.

"என்னங்க டீச்சர், வயலு எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா? அதிசயமா வந்திருக்கீங்க."

"தண்ணி எப்ப வந்துச்சு?"

"விடியறப்பவே வந்துடிச்சுங்களே. மேல நல்ல மழை. நேத்து காலையிலயே மொறைய எடுத்துட்டாங்க, ரெண்டு ஆத்துலயும் விட்டுட்டாங்க. ஊரே மதகத் தொறந்து பாய்ச்சிக்கிட்டிருக்கு, உங்க மதகுதான் மூடிக் கெடக்கு. அண்ணன் வருவாரு வருவாருன்னு பாத்தேன்."

"அவரு இங்கதானே வந்தாரு? தினம் இந்த நேரத்துக்கு வருவாருல்ல?"

"இங்கயா?" லஸ்கர் சிரித்துவிட்டார். "அவரு இந்தப் பக்கம் வந்து பத்து நாளு இருக்கும். மணி நாலாவப் போவுதுல்ல, பஸ் ஸ்டாண்டு சைக்கிள் கடையில நிப்பாரு. ரிசல்ட்டு வந்திருக்கும்."

"என்ன ரிசல்ட்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கைப்பிடியைத் தோள் மாற்றிக்கொண்டார். "டீச்சர், நான் ஒண்ணும் சொல்லலீங்க" என்று சொல்லிவிட்டுக் கரையோடு வேகமாக நடந்தார்.

அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். எங்கள் மாநிலத்தில் லாட்டரி இல்லாமல் போய் எத்தனையோ வருடமாகிறது. பக்கத்து மாநிலத்தில் தினமும் மூன்று மணிக்குக் குலுக்கல். அதில் கடைசி மூன்று எண் என்ன வரும் என்று முன்கூட்டியே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மூணு நம்பர் என்பார்கள். பெற்றோர் கூட்டத்தில் அதைப் பற்றி நானே பேசியிருக்கிறேன். ஆயிரத்தில் ஒன்று, பையன்களுக்குத் தெரிகிற கணக்கு அப்பாக்களுக்குத் தெரியாதா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழி பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான். சைக்கிள் கடைக்கு வெளியே அவருடைய வண்டி நின்றது. பின்னால் மண்வெட்டி. நான்கைந்து பேர் ஒரே போனில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். அவர் இரண்டு விரல் நடுவில் சின்னத் தாள் ஒன்றைப் பிடித்திருந்தார், கண்டக்டர் கேட்டால் காட்டத் தயாராக டிக்கெட்டைப் பிடிப்பதுபோல. "ஒண்ணுலடா! ஒரே ஒரு நம்பர்ல போச்சு!" என்று யார் முதுகிலோ தட்டினார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நின்று கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. வந்துவிட்டேன். மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண் மட்டும் கண்ணில் நின்றது. சாம்பல் நிறமாகக் காய்ந்து வெடித்த மண். பத்து நாளாக அது தினமும் போய்த் திரும்பி என் வீட்டு வாசலில்தான் சாய்ந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள், அதைக் குனிந்து பார்க்கவில்லை.

பையனின் அம்மாவுக்கு மறுபடி மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

ஐந்தரைக்குக் கணவர் வந்தார். முகம் கழுவிவிட்டு டீ கேட்டார். கொடுத்தேன்.

"தண்ணி வந்துச்சா?"

"அதான் சொன்னேன்ல. சொட்டு இல்ல."

"கரை தொட்டு ஓடுது. நான் போய்ப் பார்த்தேன். சைக்கிள் கடையையும் பார்த்தேன்."

டம்ளரைக் கீழே வைத்தார். "சும்மா பொழுதுபோக்குதான்" என்றார். பிறகு, "எப்பலேருந்துன்னு கேக்காத" என்றார்.

கேட்க எனக்கும் நேரமில்லை. நடந்ததைச் சொன்னேன். பையனின் அம்மா வந்துகொண்டிருப்பதைச் சொன்னேன். அடுத்து நான் சொன்னது எனக்கே இன்றுவரை ஜீரணமாகவில்லை: "அவங்க முன்னாடி இதப் பத்தி வாயத் தொறக்காதீங்க. தண்ணி வந்தது உங்களுக்கும் தெரியல, அவ்வளவுதான். ஒடம்பு சரியில்லாம படுத்திருந்தீங்க." மூன்று மணிக்கு ஒரு பொய்யைக் கண்டுபிடித்ததாகக் குதித்தவள், ஆறு மணிக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுக்கு இது தெரிந்தால் அவர்களே கல்யாணத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற ஒன்றைத் தவிர மனதில் வேறு எதுவும் ஓடவில்லை.

ஆறு மணி பத்துக்குப் பைக் சத்தம். மகள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"வண்டியில வந்துக்கிட்டிருந்தோம், போன் பைக்குள்ள இருந்துச்சு. டீ குடிக்க நிறுத்துனா, அத்தை அவருக்குப் போன் பண்றாங்க. என்னம்மா பண்ணி வெச்சிருக்க?"

"விடு, பரவால்ல" என்றான் பையன் வாசலில் நின்றபடியே. "அத்தை, தண்ணி நெஜமாவே வந்துச்சு. வேணும்னா வீடியோ இருக்கு, பாக்கறீங்களா?" அதில் கிண்டல் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உள்ள வாங்க மாப்பிள" என்றேன். அவன் வரவில்லை. அவன் அம்மா வந்த பிறகுதான் வருவான் என்று புரிந்தது.

ஆறே முக்காலுக்கு வாடகைக் கார் வந்து நின்றது. பையனின் அம்மா மட்டும் இறங்கினார். நடவு ஆட்களை வைத்து வேலை வாங்கிப் பழகிய உடம்பு. படியேறுவதே ஒரு முடிவோடு இருந்தது. எதிர் வீட்டுப் பெண் வாசலுக்கு வந்துவிட்டாள். உள்ளே வந்ததும் அந்த அம்மா நான் கொடுத்த தண்ணீரை முழுதாகக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்தார். என் கணவர் எழுந்து நின்று, "எனக்குத்தான் காலையிலேருந்து ஒடம்பு..." என்று ஆரம்பித்தார். அவர் பக்கம் அந்த அம்மா திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே இந்த ஊருல விசாரிச்சோம், சம்பந்தி. டீக்கடையில, சலூன்ல, எல்லா எடத்துலயும். பொண்ணு தங்கம்னாங்க. டீச்சரு கொஞ்சம் சந்தேகப் பிராணின்னாங்க. மூணு மணிக்கு உங்க வீட்டுக்காரரு எங்க நிப்பாருன்னும் சொன்னாங்க. பொண்ணுக்காகத்தானே போறோம்னு முடிவு பண்ணோம். இன்னைக்கும் அதே முடிவுதான், அதச் சொல்லத்தான் வந்தேன். ஆனா வர்ற வழியெல்லாம் ஒண்ணுதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். எங்க வீட்டுப் பையன இந்தக் கேள்வி கேக்கறவங்களுக்கு, சொந்த வீட்டுக்காரரு சங்கதி தெரிஞ்சுதான் இருக்கும்னுல்ல நாங்க நெனச்சுட்டோம்?"