ஸ்டார்ட்டர் மூடிக்குள் ஒரு தேதி

என் தம்பி மோட்டார் மெக்கானிக். பதினேழு வருஷமாக அதே ஒற்றை அறைக் கடை; நகத்தில் கிரீஸ் போகவே போகாது. தெருவில் அவனுக்குப் பெயர் 'காலண்டர்'. எந்த மோட்டாரைச் சரிசெய்தாலும் ஸ்டார்ட்டர் பெட்டி மூடியின் உட்பக்கம் மார்க்கரால் தேதி, நேரம், செய்த வேலை எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மூடுவான். ஒரு வருஷம் ஓடிய மோட்டாரைத் தூக்கி வந்து, "போன வாரம்தானே பாத்தே?" என்று வாய் கூசாமல் கேட்கிறவர்களால் வந்த பழக்கம் அது. "மோட்டாருக்கு ஜாதகமா எழுதுறே?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, கடையில் இருந்தவனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏதோ மில்லில் செம்புக் கம்பி திருட்டுப் போயிருக்கிறது. இவன் கடையில் செம்புக் கம்பி இருந்ததாம். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் கடையில் செம்புக் கம்பி இல்லாமல் கற்கண்டா இருக்கும்?

செவ்வாய் மதியம் மூன்றாம் முறையாக ஸ்டேஷனுக்குப் போனேன். "அப்படி யாரும் இங்க இல்லம்மா. எத்தன தடவ சொல்றது?" என்று எரிந்து விழுந்தார் இன்ஸ்பெக்டர். வெயிலில் நின்று எனக்குக் கண் இருட்டியது. ஒரு போலீஸ்காரர் முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டு, "குடிங்கக்கா. ரெண்டு நாளா தண்ணி இல்ல, இப்பத்தான் மோட்டார் ஓடுது" என்றார். வயிறு நிறையக் குடித்தேன். அதற்கு நன்றி வேறு சொன்னேன்.

வெள்ளிக்கிழமைதான் கோர்ட்டில் அவனைக் கண்ணால் கண்டேன். முகம் வீங்கியிருந்தது. அன்று காலை பஸ் நிலையத்தில் பிடித்ததாகப் போலீஸ் காகிதம் சொன்னது. பிடித்த ஆளை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அதனால் நாலு நாளை அப்படியே முழுங்கிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திங்கட்கிழமையே பிடித்துவிட்டார்கள்" என்றார் எங்கள் வக்கீலம்மா. ஆதாரம் உண்டா என்று நீதிபதி தம்பியையே கேட்டார்.

"செவ்வாக்கிழமை ஸ்டேஷன் மோட்டார என்னை வெச்சுத்தான் ரிப்பேர் பண்ணாங்கய்யா."

அன்று ஸ்டேஷன் முற்றத்தில் குடித்த தண்ணீர் எனக்கு ஞாபகம் வந்தது. அவனை உள்ளே பூட்டிவைத்து, வேலையும் வாங்கிக்கொண்டு, அவன் ஓட்டிவிட்ட தண்ணீரையே எனக்குக் கொடுத்து, யாரும் இல்லை என்று அனுப்பியிருக்கிறார்கள், படுபாவிகள்! கோர்ட் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்: "அந்த ஸ்டார்ட்டர் மூடியக் கழட்டிப் பாருங்கய்யா! எந்தம்பி தேதி போடாம மூட மாட்டான்!"

தம்பியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருந்த இன்ஸ்பெக்டரை நீதிபதி அங்கேயே உட்காரவைத்து, கோர்ட் ஊழியர் ஒருவரை ஸ்டேஷனுக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் மூடி மேஜைமேல் வந்தது. செவ்வாய்க்கிழமைத் தேதி. காலை பதினொன்றேகால். ரிலே மாற்றியது. கீழே கையெழுத்து.

தம்பியை உடனே விடச்சொல்லி உத்தரவு எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்தார். "லாக்கப்ல இருக்கும்போதுகூட ஏம்ப்பா எழுதினே?"

தம்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"மோட்டாரத் தொட்டாலே நான் தேதி போடறேன்யா. மனுசனத் தொட்டவங்க போட வேணாமா?"