அக்கா கிட்டே போகாதே

நான் அக்காவின் இடுப்பில் வளர்ந்தவள். நடக்கத் தெரிந்த பிறகும் நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள். அக்கா வைக்கோல் உருவப் போனாலும் சரி, கடலைக்குக் களை எடுக்கப் போனாலும் சரி, திருத்தணிக்குப் பஸ் ஏறினாலும் சரி, அவளுடைய இடது இடுப்பில் நான் இருப்பேன். எங்கள் இருவருக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். கல்யாண வயதில் ஒரு பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு தான் மறுபடியும் முழுகாமல் இருப்பது அம்மாவுக்குப் பெரிய வெட்கமாகிவிட்டது. முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு ஊர் கண்ணில் படாமல் கொஞ்ச காலம் ஓட்டினாள். பிறகு நகரிக்குப் பக்கத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஒத்தாசைக்கு அக்காவும் கூடவே போனாள்.

திரும்பி வரும்போது நான் இருந்தேன். பிரசவத்தில் அம்மா மிகவும் நொந்துபோயிருந்தாள். அதனால் எங்கள் ஊரான கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அக்காதான் என்னைத் தூக்கிக்கொண்டிருந்தாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் என்னை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். அவ்வளவு போதும் அவர்களுக்கு. நான் அக்கா பெற்ற பிள்ளை, மானத்துக்குப் பயந்து அம்மா பெற்றதாகச் சொல்கிறார்கள் என்று டீ ஆறுவதற்குள் கதையைக் கட்டி முடித்துவிட்டார்கள். எங்களிடம் நேருக்கு நேர் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா நான்கு கத்து கத்தியிருப்பார், விஷயம் அன்றோடு தீர்ந்திருக்கும். யாரும் கேட்காததால் அந்தக் கதை சௌக்கியமாக உயிரோடு இருந்தது. அக்காவுக்கு வந்த வரன்கள் காரணம் சொல்லாமலே நழுவிக்கொண்டிருந்தன.

இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. ஐந்து வயதில் எனக்கு அக்காவைத் தெரியும், மாடுகளைத் தெரியும். மாடு என்றதும் எங்கள் செவலைப் பசுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷம் செவலைக்குக் கோமாரி வந்தது. வாயிலிருந்து நுரை ஒழுகியது. குளம்பு இடுக்கில் புண் வந்து நொண்டியது. மாட்டு டாக்டர் பைக்கில் வந்தார். முதலில் அதை நாலு அடி நடக்கவிட்டுக் காலைப் பார்த்தார், பிறகு வாயைத் திறந்து பார்த்தார். அப்புறம் நைனாவிடம் கேட்டார்.

“கன்னு இதுகூடதான் இருந்துச்சா?”

“ஆங் சார், பால் குடிச்சிகினுதான் இருந்துச்சி.”

அந்த ஒரு பதில்தான். உடனே கன்றைப் பிடித்து ஊசி போட்டார்கள். இழுத்துக்கொண்டு போய்த் தூரத்தில் மோட்டார் கொட்டகையில் கட்டினார்கள். “செவல கிட்ட வுடாதீங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். கன்று அங்கேயிருந்து கத்தும், செவலை இங்கேயிருந்து பதில் கத்தும். ஒரு நாள் கன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது. “இல்லை” என்று நைனா பொய் சொல்லியிருந்தால் கன்றாவது பசுவோடு இருந்திருக்குமே என்று எனக்கு அவர்மேல் கோபம்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். நைனாவுக்கு மூத்தவள். நைனா பயப்படுகிற ஒரே ஆள். மாப்பிள்ளை வீடு ஆர்.கே.பேட்டை பக்கம், நிலமும் கிணறும் உள்ள குடும்பம். பெண்ணைத் திருத்தணி மலைக்கோயிலில் வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பிடித்திருந்தால் அப்புறம் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம் என்று இரண்டு தரப்பும் கௌரவமாகக் கலைந்து போய்விடலாம். முருகனுக்கும் இது பழகிப்போயிருக்கும்.

அத்தை என்னைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திக்கொண்டாள்.

“தோ பாருடி. மலைக்குப் போயிட்டு வர்ற வரிக்கும் அக்கா கிட்ட போவாத. இடுப்புல ஏறாத. அவ கையால எதுவும் துன்னாத. யாருனா கேட்டா, நான் அம்மா பெத்த பொண்ணு, இவங்க எங்க அக்கா, நான் அம்மாகூடதான் படுத்துப்பேன், அப்டினு சொல்லணும். எங்க, சொல்லு?”

சொன்னேன்.  கிட்டே போகாதே. இதே வார்த்தையைத்தான் செவலைக்கும் சொன்னார்கள். அக்காவுக்கும் என்னவோ வந்துவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்றிலிருந்து என்னை அம்மா பக்கத்தில் படுக்க வைத்தார்கள். அம்மா நல்லவள்தான், ஆனால் அவளிடம் அக்காவின் வாசனை இல்லை. விடிந்ததும் முதல் வேலையாக அக்கா படுத்திருக்கும் இடத்துக்குப் போய், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவள் வாயோரத்தில் நுரை இருக்கிறதா என்று பார்ப்பேன். பாதத்தைப் பார்ப்பேன். சேற்றுப்புண் இருந்த இடத்தில் மஞ்சள் தடவியிருந்தாள். அதைப் பார்த்த அன்று எனக்குக் களி இறங்கவில்லை. அக்காவும் சரியாகச் சாப்பிடவில்லை. செவலையும் கடைசியில் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டதுதான் ஞாபகம் வந்தது. யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்டு அவர்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அக்காவும் என்னைக் கூப்பிடவில்லை. நான் வாசலில் நின்றால் அவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அவளுக்கும் அத்தை சொல்லியிருந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கன்றுக்குத் தொற்றக் கூடாது என்று பசுவே ஒதுங்கிப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, மோட்டார் கொட்டகைக்குப் போய்க் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மலைக்கு ஆட்டோவில் போனோம். அக்கா முன்னால் ஒரு ஆட்டோவில் அத்தையோடு, நான் பின்னால் அம்மா நைனாவோடு. அக்கா அரக்குக் கலரில் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது. செத்துப்போன செவலைக்குக்கூட மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள்.

சாமி தரிசனம் முடிந்து, கோயிலில் அந்தக் கல் யானை நிற்கிற இடத்துக்கு வந்தோம். மற்ற கோயில்களில் வாகனம் சாமியைப் பார்த்து நிற்கும். இங்கே யானை சாமிக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கும். தெய்வானைக்குச் சீதனமாக வந்த யானை, பிறந்த வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பார்கள். அதன் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக வந்தவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை கூச்சத்தில் யானையின் வாலையே ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய அம்மா மட்டும் நிமிர்ந்து நின்றாள். கண்ணாடி போட்டிருந்தாள், கையில் தோல் பை வைத்திருந்தாள். மாட்டு டாக்டரும் அதே மாதிரி ஒரு பைதான் வைத்திருந்தார்.

“அந்தத் தூண் வரிக்கும் போயி அந்தப் பூஜ சாமான் தட்ட எடுத்துனு வாம்மா” என்றாள் அக்காவிடம். அக்கா நடந்தாள். அந்த அம்மாள் அக்காவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா திரும்பி வந்ததும், “வாயத் தொறந்து நாலு வார்த்த பேசு. கொஞ்சம் சிரிச்சாதான் இன்னா?” என்று முகத்துக்கு அருகே குனிந்தாள்.

முதலில் கால். அப்புறம் வாய். எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவின் முந்தானைக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அந்தக் கண்ணாடி என் பக்கம் திரும்பிவிட்டது.

“இதுதான் சின்னதா? இங்க வா பாப்பா. ராத்திரில யாருகூட படுத்துப்ப நீ? அக்காகூடவா?”

கேள்வி வந்தேவிட்டது. கன்று இதுகூடத்தான் இருந்ததா? ஆமாம் என்றால் எனக்கு ஊசி போட்டு, எங்கேயோ கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். அக்காவை மறுபடி பார்க்கவே முடியாது. அத்தை சொல்லிக்கொடுத்தது ஒரு வார்த்தைகூட ஞாபகத்தில் இல்லை. நைனா செய்த தப்பை நான் செய்யக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அக்காவைக் கையால் காட்டி, தெளிவாக, உரக்கச் சொன்னேன்.

“இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது.”

 மாப்பிள்ளைகூட யானையின் வாலை விட்டுவிட்டுத் திரும்பினார். அத்தைதான் பெரிதாகச் சிரித்தாள்.

“கொயந்த வெளாட்டுக்குச் சொல்லுதுங்க.”

“அஞ்சு வயசு கொயந்தைக்கு வூட்ல கீற அக்காவத் தெரியாதாங்க?” என்றாள் அந்த அம்மாள். குரலை உயர்த்தவே இல்லை. “எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துதான் கூட்டினு வந்துகிறீங்க போல.”

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அவசரமாக என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வைத்திருக்கக் கூடாது. எனக்கு அந்த இடுப்பு பழக்கமில்லை, அம்மாவுக்கு என் கனம் பழக்கமில்லை. பாவாடை சுருண்டு, கால் வழுக்கி, நான் சரசரவென்று இறங்கினேன். அம்மா மறுபடி தூக்கினாள், மறுபடி இறங்கினேன். அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அக்கா தட்டை யானையின் பீடத்தில் வைத்தாள். நேராக வந்து என்னை அள்ளி எடுத்தாள். பட்டுப்புடவை கசங்குவதைப் பார்க்கவில்லை, அத்தை கண்ணை உருட்டியதைப் பார்க்கவில்லை. அந்த இடது இடுப்பில் நான் போய் உட்கார்ந்ததும் என் கால்கள் தாமாகவே பழைய இடத்தில் சேர்ந்துகொண்டன.

“இவ எங்கம்மா பெத்த பொண்ணுங்க. வளத்தது நானு. வேற எதுனா கேக்கணுமா?”

 கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்சம் நின்றாள். அவர்கள் வேறெதுவும் கேட்கவில்லை. சாமி கும்பிட வந்தவர்களாக மாறி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கௌரவமாகக் கலைந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்ததாக அம்மா பிற்காலத்தில் சொல்வாள். திரும்பிப் பார்த்து என்ன பிரயோஜனம்?

அந்தச் சம்பந்தம் மட்டுமல்ல, அந்தப் பக்கத்திலிருந்து வேறெந்தச் சம்பந்தமும் அப்புறம் வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பிறகு மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, நல்ல மனுஷர். ஆனாலும் அக்கா கல்யாணத்தன்று நைனா பந்தலுக்கு வராமல் மாட்டுக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். அக்கா எங்களோடு இருந்த அத்தனை வருஷங்களையும் நான் திருவிழா மாதிரிதான் கழித்தேன். ஒவ்வொரு நாளும் அவள் கணக்கில் கழிந்துகொண்டிருந்தது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

அன்று அத்தையும் அம்மாவும் மேலே யானைக்குப் பக்கத்திலேயே ஒருவரையொருவர் குற்றம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நைனா நடுவில் மாட்டிக்கொண்டார். அக்கா அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஆட்டோவும் வேண்டாம் என்று என்னைத் தூக்கிக்கொண்டு படி வழியாக இறங்கினாள். எனக்கு உயிர் வந்துவிட்டது. ஊசி இல்லை, கட்டி வைக்கவில்லை, டாக்டரம்மா பையைத் திறக்காமலே போய்விட்டாள். அக்காவின் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவள் திட்டவில்லை.

பாதி வழியில் படியோரம் உப்பும் மிளகும் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவி எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

“இம்மாம் பெரிய புள்ளைய தூக்கினு எறங்குறியே, இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்? உன் பொண்ணாம்மா?”

அக்கா நின்றாள். மேலே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, “ஆங், என் பொண்ணுதான்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா தப்பாகச் சொல்கிறாளே! அந்த நிமிஷத்தில்தான் அத்தை சொல்லிக்கொடுத்தது முழுவதும் ஞாபகத்துக்கு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, கிழவியிடம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

“இல்ல. நான் அம்மா பெத்த பொண்ணு. இவங்க எங்க அக்கா. நான் அம்மாகூடதான் படுத்துப்பேன்.”

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். கழுத்து ஈரமாகிக்கொண்டே இருந்தது. மறக்காமல் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்பதுதான் புரியவில்லை. கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, குனிந்து அவளுடைய பாதத்தை இன்னொரு முறை நன்றாகப் பார்த்தேன். புண் ஆறியிருந்தது.