பென்டிரைவும் பூட்டிக்கொண்டது

பள்ளுருத்தி ரிப்பேர் கடையில் இன்று எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்த சேட்டன் கேட்டார்: "ஆன்டிவைரஸ் தீர்ந்து ரொம்ப நாளாச்சே சேச்சி. புதுக்கலையா?"

என் கணவர் கூரையைப் பார்த்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பையெல்லாம், எங்கள் கடைக்குப் பில் போடும் அவசரத்தில் மூடியவர் அவர்தான்.

வைரஸ் எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டதாம். போனில் இடமில்லை என்று, மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களையும் கம்ப்யூட்டரில்தான் மாற்றியிருந்தேன்.

"பென்டிரைவ்ல காப்பி இருக்கு" என்றேன்.

"அது எங்க இருந்துச்சு?"

"கம்ப்யூட்டர்லயே சொருகி வெச்சிருந்தேன். வெளிய வெச்சா குழந்தை வாயில போட்டுக்குவா."

"அப்ப அதையும் பூட்டியிருக்கும் சேச்சி."

தினமும் அவள் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து உங்களைச் சலிக்க வைத்தேனே, யாராவது ஒன்றிரண்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்களா?